தொடுகோணம்

பெட்டியைத் திறந்தபோது
திரும்பி வந்த கண்ணாடியோடு
ஒரு கையுறையும் இருந்தது.
கருப்புக் கம்பளி, இடது கை,
கட்டைவிரலில் ஒட்டுத் தையல்.
மலையேறும் டிராமின் முன்கண்ணாடி
கீழ் மூலையில் சட்டத்தை விட்டு
விரலளவு விலகிவிட,
பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கில்
ஊளையிட்டு நுழைந்த காற்றை
ஓட்டுநர் ஒட்டாகர்
இதைத் திணித்து அடைத்திருந்தார்
கடைசி நிறுத்தம் வரை.

லிபெரெட்ஸில் பிப்ரவரி.
தரச்சோதனை மேசையில் த்ரகொமீரா
உரிந்த விளிம்பை விளக்கடியில் சாய்க்கிறாள்.
பசை முழுதாக இருக்கிறது.
கண்ணாடியும் முழுதாக இருக்கிறது.
பசை கிழிந்திருந்தால் அவளுக்குச் சமாதானம்:
பாரம் தாங்கித் தோற்றது என்று எழுதலாம்.
இதுவோ கிழியாமல் கழன்றிருக்கிறது
ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று.

ஊசிமுனையால் ஒரு சொட்டு நீர் வைக்கிறாள்.
பரவவில்லை.
சேம்பிலைச் சொட்டு அளவுக்கு இல்லை,
ஆனாலும் தோள் குறுக்கி
உட்காரச் சொல்லாத வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறது.
கேமரா பக்கவாட்டில் பார்த்துச் சொல்கிறது:
எழுபத்தொரு பாகை.
கண்ணுக்குச் சுத்தம்.
நீருக்குத் தெரிகிறது அழுக்கு.

கூடத்தின் மறுகோடியில்
பிளாஸ்மா முனை விளிம்போரம் ஊர்கிறது.
மின்சாரம் அடித்து நொறுக்கிய காற்று
கத்தரிப்பூ நிறத்தில் சீறி
பிசுக்கை மூலக்கூறு மூலக்கூறாக எரித்து
வழவழப்பின் மேல்
கண்ணுக்கெட்டாத கொக்கிகளை எழுப்பிச் செல்கிறது.
போன தடம் இளஞ்சூடு என்கிறார்கள்.
தொட்டுப் பார்க்கக் கூடாது.

அப்புறம் இருபது நிமிடம்.
அதற்குள் பசை ஏறிவிட வேண்டும்.
தாமதித்தால் கொக்கிகள்
காற்றில் மிதக்கும் எதையாவது பிடித்துக்கொள்ளும்,
தூசியோ, உணவுக்கூடத்து எண்ணெய் ஆவியோ.
திறந்து கிடப்பது
யாருக்கென்று கேட்டுக் காத்திருப்பதில்லை.
(இதை வாழ்க்கைக்கு உவமையாக்கினால்
த்ரகொமீராவுக்குப் பிடிக்காது.
"கண்ணாடி கண்ணாடிதான்" என்பாள்,
இருமுறை விவாகரத்தானவள்.)

மூன்று இரவு வரிசையருகே நின்றாள்.
முனையின் உயரம் சரி. வேகம் சரி. வாயு அழுத்தம் சரி.
நான்காம் இரவு, இடைவேளை முடியும் மணியில்
உஷ்ஹொரோதிலிருந்து வந்த யூஸ்தினா
நீலத் தகர டப்பியைத் திறந்தாள்.
பனியில் வெடித்த விரலிடுக்குகளில்
களிம்பைத் தேய்த்தாள், நகக்கண் வரை.
அதே விரலால் கையுறையை இழுத்து மாட்டினாள்.
தாங்கி அவள் உயரத்துக்கு ஆனதில்லை;
எக்கி, கண்ணாடியைக்
கீழ் மூலையில் பிடித்துத் திருப்பினாள்.
அது முனை கடந்து வந்த கண்ணாடி.

டப்பியின் அடியில் பொடி எழுத்தில்
சிலிக்கோன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
பொறுப்பானவர் பெயர்.
நெடுநேரம் பேனா அதன்மேல் நின்றது.
பிறகு பக்கத்துக் கட்டத்தில் எழுதினாள்:
தாங்கியின் உயரம்.
பொய்யில்லை.
முழு உண்மை என்றும் சொல்ல முடியாது.

மருந்துக்கடையில் வேறு களிம்பு வாங்கி
யூஸ்தினாவின் அலமாரியில் வைத்தாள்.
"மார்ச் எட்டுக்கு
இன்னும் பத்து நாள் இருக்கிறதே?" என்றாள் அவள்.
மறுநாள் கசகசா ரொட்டி வந்தது,
துணியில் சுற்றி, பாதி இன்னும் சூடாக.
த்ரகொமீரா தின்றாள்,
தொண்டையில் கொஞ்சம் அடைத்தது.

தாங்கியைத் தாழ்த்திய இரவு
மறுபடி ஒரு சொட்டு.
விழுந்ததும் காணோம்.
ஈரம் மட்டும் ஒளியோடு விரிந்தது.
ஆறு பாகை.

நல்லது.
ஆனால் அந்த மாதத்துக் கண்ணாடிகள் முப்பத்தெட்டு
ஏற்கெனவே எங்கெங்கோ
சரிவுகளில் ஏறி இறங்குகின்றன,
இந்த நிமிடம்கூட,
விளிம்பில் ஒரு விரல் பட்டதும் படாததுமாக.
ஒவ்வொரு பணிமனைக்கும் தொலைபேசுகிறாள்.
பதினேழாவது எண் போய்க்கொண்டிருக்கிறது.

எந்தப் படிவத்திலும் சேராத கையுறை
ரேடியேட்டர் மேல் காய்கிறது
விரல்கள் இன்னும் மடங்கியபடி.